ஜிம்னிக்கு இரண்டு இன்ச் லிஃப்ட்: வீட்டு போர்டிகோவில் செய்து முடிக்க ஒரு முழு வழிகாட்டி

மாருதி ஜிம்னியை இரண்டு இன்ச் தூக்கினால் கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு ஆகும்? 210 மி.மீ. ஷோரூமில் இருந்து எடுத்து வரும்போது இருந்த அதே 210 தான்.

லிஃப்ட் கிட் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஜிம்னியின் அடிப்பாகத்தில் தரைக்கு மிக அருகே தொங்குவது ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை மாற்றினால் ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதெல்லாம் உயரும்: சேசிஸ், பாடி, பம்பர், சைலன்சர். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் சுமார் 693 மி.மீ. அதை எடுத்துவிட்டு 215/75 போட்டால் விட்டம் 703 ஆகும். ஆக்சில் ஏறுவது அதில் பாதி, வெறும் 5 மி.மீ. 235/75 போட்டால் 20 மி.மீ. கிடைக்கும். ஆனால் அந்த டயரை உரசாமல் உள்ளே வைக்கத்தான் லிஃப்ட் வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் லிஃப்ட் எதற்கு? வயிற்றுக்கு. ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 2,590 மி.மீ.; வெளிநாடுகளில் ஓடும் மூன்று கதவு வண்டிக்கு 2,250. நம் வண்டியில் அந்தத் தூரம் 340 மி.மீ. கூடுதல் என்பதால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டி உட்கார்ந்துவிடுகிறது. மேடு தாண்டும் கோணம் நமக்கு 24 டிகிரிதான். இரண்டு இன்ச் லிஃப்ட் அந்தக் குறையைத்தான் சரிசெய்கிறது. மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றைத் தாண்டுவது மட்டும்தான் உங்கள் தேவை என்றால், நல்ல ஏ.டி. டயர் (எல்லாத் தரைக்கும் ஏற்றது) நாலு வாங்கிப் போட்டுவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

சட்டத்தை முதலில் பேசிவிடுவோம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளில் இருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கை வைக்கும் இடமும் இதுதான். சஸ்பென்ஷன் வாரன்டியையும் மறந்துவிட வேண்டும். தனியார் நிலத்திலும் ஆஃப்ரோடு டிராக்கிலும் மட்டும் ஓடும் வண்டி என்றால் கதை வேறு. பொதுச் சாலையில் ஓட்டுவதென்றால், உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு ஸ்பானரைத் தொடுங்கள்.

கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். திரும்ப மாட்ட வேண்டி வரலாம்; துணியில் சுற்றி மச்சில் ஏற்றிவையுங்கள்.

எந்த வண்டிக்கு இது வீட்டு வேலை

ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஷாக்கைக் கழற்றி ஆக்சிலைக் கீழே இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். அதனால்தான் இது வீட்டில் செய்யக்கூடிய வேலை. 2020-க்குப் பிந்தைய மஹிந்திரா தாரின் முன்பக்கம் அப்படியில்லை. அங்கே ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அழுத்தி மாட்டப்பட்டிருக்கிறது. கம்ப்ரசர் இல்லாமல் அதன் மேல் நட்டைத் திறந்தால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரிப் பாயும். அதை வீட்டில் செய்யாதீர்கள். மாருதி ஜிப்சிக்கு நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். யூ போல்ட், ஷாக்கிள், ஆப்பு என்று அது வேறு வேலை, இங்கே வேண்டாம்.

கிட்டில் என்ன இருக்க வேண்டும்

நாலு ஸ்பிரிங், அந்த உயரத்துக்கேற்ற நீளத்தில் நாலு ஷாக், பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் அளவுக்கு மீறி மேலே ஏறாமல் தடுக்கும் ரப்பர்) நீட்டும் கட்டைகள், பிரேக் ஹோஸ் பிராக்கெட்டை இறக்கும் துண்டுகள் அல்லது நீளமான ஹோஸ், முன்பக்கத்துக்குக் கேஸ்டர் (முன் சக்கரத்தின் பின்சாய்வு) திருத்தும் புஷ். முன் ஸ்டெபிலைசர் பாருக்கு நீளமான லிங்க் இருந்தால் நல்லது. பேன்ஹார்டு ராடு என்பது ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி; நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை இரண்டு இன்ச்சுக்குக் கட்டாயம் இல்லை. கையில் காசிருந்தால் வாங்கலாம்.

இந்தப் பட்டியலில் கடைக்காரர் விட்டுவிடுவது கேஸ்டர் புஷ்ஷைத்தான். ‘அது இல்லாமலேயே எல்லோரும் ஓட்டுகிறார்கள்’ என்பார். ஓட்டுகிறார்கள்தான், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

ஸ்பிரிங் வாங்கும்போது உயரத்தைவிட எடையைக் கவனியுங்கள். ஜிம்னி சுமார் 1,200 கிலோ வண்டி. முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் போட்டிருப்பவருக்கென்று செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டிக்கு மாட்டினால், மூக்கு தூக்கிக்கொண்டு, வேகத்தடைக்கு வேகத்தடை முதுகெலும்பைப் பதம் பார்க்கும். பழைய ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் மட்டும் வைப்பது மலிவு. ஆனால் பழைய ஷாக்கின் நீளம் போதாமல், சக்கரம் கீழே தொங்கும் ஒவ்வொரு முறையும் ஷாக் ‘டக்’கென்று முட்டிக்கொள்ளும். நான் அதைச் செய்ய மாட்டேன்.

முந்தின நாள் சாயந்திரம்

சமமான கான்கிரீட் தரை வேண்டும். மண் தரையில் ஜாக்கி ஸ்டாண்டு புதையும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் வண்டிக்கு அடியில் வைக்கும் பேச்சே வேண்டாம். பாரம் ஏறியதும் சொல்லாமல் நொறுங்கும்.

சாமான்கள்: சக்கர ஜாக்கி ஒன்று, இரண்டு இருந்தால் பாதி சண்டை குறையும். மூன்று டன் ஸ்டாண்டு நாலு. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. 14, 17, 19 சாக்கெட்டும் அதே அளவில் ரிங் ஸ்பானரும். கைப்பிடிக்கு மாட்ட மூன்றடி ஜி.ஐ. பைப். டார்க் ரெஞ்ச். ஒரு கடப்பாரை. வெள்ளை பெயின்ட் மார்க்கர். வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருந்து ஒவ்வொரு போல்ட்டின் இறுக்க அளவும் எழுதிய ஒரு தாள். சக்கர நட் 100 நியூட்டன் மீட்டர். மற்றதை மேனுவலைப் பார்த்தே எழுதுங்கள்.

வண்டி தரையில் நிற்கும்போதே நாலு மூலையிலும் சக்கர மையத்தில் இருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து எழுதிவையுங்கள். தரையில் இருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் குழப்பும். டயரின் வெளிப்பக்கத்தில் இருந்து ஃபெண்டருக்கு உள்ள பக்கவாட்டு இடைவெளியையும் இரண்டு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தேவைப்படும்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங்பின் பேரிங்கிலோ டை ராடு எண்டிலோ ஆட்டம் இருந்தால் லிஃப்டைத் தள்ளிப்போட்டு முதலில் அதை மாற்றுங்கள். ஜிம்னிக்கு ஸ்டீயரிங் உதறும் பழக்கம் பிறவியிலேயே உண்டு. லிஃப்ட் அந்த நோயை உண்டாக்காது, இருப்பதை வெளியே இழுத்துவிடும்.

கடைசியாக, கழற்றப்போகும் எல்லா நட்டுக்கும் துரு எண்ணெய் அடித்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். இரவெல்லாம் அது ஊறட்டும்.

பின்பக்கம்: இங்கிருந்து தொடங்குங்கள்

பின்பக்கம் எளிது, கை பழகும். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டைச் சேசிஸுக்கு அடியில் வையுங்கள். ஆக்சிலுக்கு அடியில் வைத்தால் ஆக்சில் இறங்காது, வேலையும் நடக்காது. வண்டியை இடுப்பால் இரண்டு தரம் முட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். கழற்றிய சக்கரத்தைச் சேசிஸுக்கு அடியில் படுக்கப்போடுங்கள்; ஸ்டாண்டு சரிந்தாலும் அது உயிரைக் காக்கும்.

ஜாக்கியை டிஃபரன்ஷியலுக்கு அடியில் கொடுத்து லேசாகத் தாங்குங்கள். பிறகு பேன்ஹார்டு ராட்டின் ஒரு முனை, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட், பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் ஒயர் கிளிப்புகள், ஆக்சிலின் மூச்சுக் குழாய் என்று வரிசையாக விடுவியுங்கள். ஜாக்கியை மெல்ல இறக்கும்போது ஒருவர் ஜாக்கியைப் பார்க்கட்டும், இன்னொருவர் ஹோஸை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஆக்சிலின் எடை ஒருபோதும் ஹோஸில் தொங்கக் கூடாது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன், ஐடிஐ முடித்தவன், என்னோடு கூட இருந்தான். ஷாக்கின் போல்ட் ஒன்று நகரவே இல்லை. “அண்ணா, இது வரமாட்டேங்குதுங்கண்ணா, வெட்டிரலாமா?” என்றான். ஜி.ஐ. பைப்பை மாட்டி, திறக்கும் பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பச் சொன்னேன். ‘கிரீச்’சென்று ஒரு சத்தம், துருத்தூள் கொட்டியது, அப்புறம் கையாலேயே வந்தது. துருப்பிடித்த போல்ட்டை முதலில் இறுக்கித்தான் திறக்க வேண்டும்.

புது ஸ்பிரிங்கை வைக்கும்போது அதன் அறுந்த முனை ஆக்சில் கிண்ணத்தில் உள்ள படிக்கட்டுப் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். மேல் ரப்பரை மறக்காதீர்கள். இடது வலது என்று சீட்டு ஒட்டியிருந்தால் ஒட்டியபடி மாட்டுங்கள். பம்ப் ஸ்டாப் கட்டையையும் இப்போதே போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் பெரிய குழியில் ஷாக் முழுதாக மடங்கி அடி வாங்கும். ஜாக்கியை ஏற்றி ஷாக்கை மாட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிடுங்கள். முழு இறுக்கம் இப்போது கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

முன்பக்கம்: வேலையின் மையம்

தூக்குவதும் இறக்குவதும் பின்பக்கம் மாதிரியேதான். கூடுதலாக ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்ற வேண்டும். ஷாக்கின் மேல் நட்டைத் திறக்கும்போது நடுக்கம்பியும் சேர்ந்து சுற்றும்; கம்பியின் முனையை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள்.

இனி கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேரே போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஜிம்னியின் முன் சக்கரத்துக்கும் அதே சாய்வு உண்டு. முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு ரேடியஸ் ஆர்ம்களும் பின்னோக்கிப் போய்ச் சேசிஸில் சேர்கின்றன. சேசிஸ் உயர்ந்தால் ஆர்மின் பின்முனை மேலே போகும், ஆக்சில் முழுவதும் முன்னோக்கி உருளும், சாய்வு குறையும். ஆர்ம் 700 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 50 மி.மீ. உயரத்துக்குச் சுமார் 4 டிகிரி போய்விடும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. நேர் சாலையிலும் வண்டி நாய் மாதிரி இரண்டு பக்கமும் மோப்பம் பிடிக்கும்.

திருத்தும் புஷ்ஷில் நடுத்துளை மையம் விலகி இருக்கும். அதை ஆர்மில் மாட்டினால் ஆக்சில் பின்னோக்கி உருண்டு பழைய சாய்வுக்கு அருகில் வரும். பழைய புஷ்ஷைப் பிதுக்கி எடுக்க ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். வைஸிலும் சாக்கெட்டிலும் போராடி ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்காதீர்கள். ஆர்மைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் அரை மணி நேர வேலை. ஒரு நேரத்தில் ஒரு ஆர்ம் மட்டும் கழற்றுங்கள். இரண்டையும் கழற்றினால் ஆக்சில் உருண்டு, போல்ட் துளைகளைச் சேர்க்க நாள் முழுக்கக் கடப்பாரையோடு நிற்பீர்கள்.

என் முதல் லிஃப்டில் நான் செய்த முட்டாள்தனம் இங்கேதான். ஆர்மில் எது மேல்பக்கம் என்று குறிக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். புஷ் தலைகீழாக ஏறியது. திருத்துவதற்குப் பதில் கேஸ்டர் இன்னும் குறைந்தது. மாலையில் ஓட்டிப் பார்த்தபோது 60-இல் வண்டி படகு மாதிரி ஆடியது. திரும்ப எல்லாவற்றையும் கழற்றி, இன்னொரு ஜோடி புஷ் வாங்கி, இன்னொரு வாரம். இப்போதெல்லாம் ஆர்ம் வண்டியில் இருக்கும்போதே வெள்ளை மார்க்கரால் மேல்பக்கம் ‘மே’, முன்பக்கம் ‘மு’ என்று எழுதிவிடுகிறேன். துளை எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று அம்பும் போட்டுவிடுகிறேன்.

ஒரு பக்கவிளைவையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலைப் பின்னோக்கி உருட்டும்போது டிஃபரன்ஷியலின் மூக்கும் கீழே குனியும். முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடும். ஃபோர் ஹையில் (நாலு சக்கரமும் இழுக்கும் வேகக் கியர்) போட்டு வேகமாக ஓட்டினால் லேசான அதிர்வு தெரியலாம். இரண்டு இன்ச் வரை இது தாங்கக்கூடியது. மூன்று, நாலு இன்ச் கேட்பவர்களை நான் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வண்டி குடை சாயும் பயம் இன்னொரு காரணம்.

தரையில் இறக்கி இறுக்குவது

சக்கரங்களை மாட்டித் தரையில் இறக்கியாயிற்று. இன்னும் எந்த புஷ் போல்ட்டும் முழுதாக இறுகவில்லை. ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். ஆக்சில் தொங்கும்போது இறுக்கிவிட்டால் அந்த நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. தரையில் இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கியபடி கிடந்து சில மாதத்தில் கிழியும். அதனால் வண்டியை நாலு மூலையிலும் அமுக்கி அமுக்கி விட்டு, பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, சக்கரத்தில் முழு எடையும் நிற்கும் நிலையில் ரேடியஸ் ஆர்ம், பின் ஆர்ம், ஷாக்கின் கீழ்முனை எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளைக் கோடு போடுங்கள்.

பேன்ஹார்டு ராட்டின் துளை இப்போது சில மில்லிமீட்டர் விலகி நிற்கும். முன்பக்கத்துக்கு ஒரு தந்திரம் உண்டு: எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினால், பாடி ஆக்சிலின் மேல் பக்கவாட்டில் நகரும். துளை நேருக்கு வந்ததும் போல்ட்டைத் தள்ளிவிடலாம். சரியாக வந்ததா என்று துளைக்குள் விரலை விட்டுப் பார்க்காதீர்கள். போல்ட்டை விட்டுப் பாருங்கள். பின்பக்கத்துக்கு ராச்செட் பெல்ட்டால் இழுக்க வேண்டியதுதான். நேற்று குறித்த பக்கவாட்டு இடைவெளியோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் போனால் நீளம் மாற்றும் ராடு வாங்கிவிடலாம்.

சாவியைத் திருப்பும் முன்

முன் சக்கரத்தைத் தரையில் இருந்து முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கோடி வரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸோ ஏபிஎஸ் ஒயரோ எந்த நிலையிலும் விறைப்பாக இழுபடக் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுக்கக் கூடாது. பின் டிரம்மைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

லிஃப்டுக்குப் பிறகு வண்டி நேரே போகும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஸ்டீயரிங் பெட்டியையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டான டிராக் லிங்கில் (drag link) உள்ள அட்ஜஸ்டரைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டீயரிங்கை மட்டும் கழற்றித் திருப்பி மாட்டுவது தவறு. வண்டி சறுக்காமல் தானாகப் பிரேக் பிடிக்கும் ஈஎஸ்பி, ஸ்டீயரிங் கோணத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. நேர் சாலையில் நீங்கள் திருப்புவதாக நினைத்துக்கொண்டு அது பிரேக் பிடிக்கும்.

பிறகு அலைன்மென்ட். முழு ஆக்சில் வண்டியில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும் என்பதால் சில கடைகளில் மற்ற எண்களைக் காட்டாமலே அனுப்பிவிடுவார்கள். கேஸ்டர் எண்ணையும் அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் புஷ் சரியாக ஏறியிருக்கிறது. ஹெட்லைட்டையும் சுவரில் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் கூடுதலாக உயர்ந்திருந்தால் எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். டயரும் 235/75-க்கு மாறியிருந்தால், மீட்டர் காட்டுவதைவிடச் சுமார் 6 சதவீதம் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, 40-க்கு மேல் போகாமல். பிரேக் இரண்டு மூன்று தரம் அழுத்திப் பிடியுங்கள். திரும்பி வந்து ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் பாருங்கள், விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரெஞ்சால் தொட்டுவிடுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் கொஞ்சம் உட்காரும். எனக்கு முதல் நாள் முன்னால் 58 மி.மீ. ஏறியிருந்தது, மூன்று மாதம் கழித்து அளந்தபோது 53. நாலு மூலையின் அளவும் எழுதிய அந்தத் தாள் இன்னும் கிளவ் பாக்ஸில், சர்வீஸ் புத்தகத்துக்குள் மடித்துக் கிடக்கிறது. ஒரு மூலை மட்டும் திடீரென்று இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கையும் ரப்பரையும் முதலில் பார்க்கிறேன்.